சொந்தத் தொழில்

என் கணவருக்கு வந்த வேலையை நான் தடுத்தேன். அவருக்குத் தெரியாமல், ஒரே ஒரு பொய் சொல்லித் தடுத்தேன். அதற்காக அழுவேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? மாட்டேன்!

கணபதி என்ற பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் அவர் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆட்களைக் குறைத்தபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள். மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் ஒரு நூல் மில்லில், நூலின் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வீடு அவர் பொறுப்பானது. மனிதர் அபாரம்! கேரட் நறுக்கினால்கூட லேத்தில் கடைந்ததுபோல ஒரே அளவில் இருக்கும்.

மூன்று வருடம் கழித்து என்னை அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆக்கினார்கள். அதே வாரம் அவருடைய பழைய மேனேஜர் அழைத்தார். கணவர் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு மகளைப் பள்ளியில் விடப் போயிருந்தார். நான் எடுத்தேன்.

"செந்திலை மறுபடி எடுத்துக்கலாம்னு இருக்கோமுங்க. திங்கக்கெழம வரச் சொல்லுங்க."

அவர் வேலைக்குப் போனால் நான் மில்லை விட்டு நின்றாக வேண்டும். என்னை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்... ஆம்பளைக்கு வேலை கிடைத்துவிட்டது, இனி உனக்கு எதற்கு என்பார்கள்.

"அவரு இப்ப சொந்தமாத் தொழில் பண்றாருங்க. வர முடியாதுங்க" என்றேன்.

எங்கள் பக்கம் பொய்கூட 'ங்க' போட்டுத்தான் வரும். அதிலும் சொந்தத் தொழில் என்றுவிட்டால் மறுகேள்வியே கிடையாது! "சந்தோசமுங்க, நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு வைத்தார். வந்த அழைப்பை அழித்தேன்.

பழைய ஆட்களைத் திரும்ப எடுத்த செய்தி பிறகு அவர் காதுக்கும் வந்தது. "நம்மள மறந்துட்டாங்க போல" என்றார். இரண்டு நாள் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். நான் துடைத்து அடுக்கினேன்.

மனைவிக்கு வந்த வேலையை, "அவளுக்கு அதெல்லாம் ஒத்து வராதுங்க" என்று அவளைக் கேட்காமலே திருப்பி அனுப்பிய கணவன்மார் எத்தனை பேர்! அவர்களிடம் வாக்குமூலம் கேட்டீர்களா? குடும்பத்தை நினைத்துச் செய்தான் என்றுதானே சொன்னீர்கள்? நான் மட்டும் எதை நினைத்துச் செய்தேன்?

போன ஆவணியில் அன்னூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எங்களுக்கு எதிரே அந்த மேனேஜர்!

"ஏனுங்க செந்திலு, தொழிலெல்லாம் எப்படிப் போகுதுங்க? முன்ன ஒருக்கா விசாரிச்சப்ப உங்கூட்டுல சொன்னாங்க."

வேலைக்குக் கூப்பிட்டதை மட்டும் அவர் சொல்லவில்லை. கணவர் என்னை ஒரு முறை பார்த்தார். "நல்லாப் போகுதுங்க" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நான் ஊட்டுல இருக்கறன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சா அம்மணி?"

கூச்சமா! அவரை நினைத்து எனக்கா! மில்லில் மதியச் சாப்பாட்டைத் திறக்கும்போதெல்லாம், 'எங்கூட்டுக்காரர் செஞ்சது' என்று ஊருக்கே கேட்கச் சொல்பவள் நான்! ஆனால் இல்லை என்றால், பிறகு எதற்குச் சொன்னாய் என்று கேட்பாரே...

"ஆமாங்க" என்றேன்.

முதல் பொய்க்கு என்னிடம் நியாயம் இருக்கிறது. எந்தச் சபையிலும் நின்று பேசுவேன். இந்த இரண்டாவதற்கு... இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மறுவாரம் பெரிய கிரைண்டர் ஒன்று வந்து இறங்கியது. கேட்டில் அவரே ஒரு பலகையைக் கட்டினார். 'இட்லி மாவு கிடைக்கும்.'

"எதுக்குங்க இதெல்லாம்?"

"நீ சொன்ன சொல்லு பொய்யாயிரக் கூடாதல்ல."

இப்போது மாவு வாங்க வருபவர்கள் அவரை முதலாளி என்று கூப்பிடுகிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அள்ளிக் கொடுக்கிறார். அந்த போன் நாளைக்கே மறுபடி வந்தாலும் அதையேதான் சொல்வேன்... ஆம், அதையேதான்! ஆனால் வேலை முடிந்து வரும்போது, அந்தப் பலகையைப் பார்க்காமல் கேட்டைத் திறக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.