பஸ் தாண்டும் இடம்

அம்சவல்லி சைக்கிள் ஏறியது முப்பத்தெட்டாம் வயதில். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ஜமுனாமரத்தூரில் அவள் குடியிருந்த நர்ஸ் குடியிருப்புக்குப் பின்னால் கேழ்வரகு அறுத்த நிலம் ஒன்று சும்மா கிடந்தது. விழுந்தால் மண்தான். காவலூர் வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போன லேடீஸ் சைக்கிளை அங்கே உருட்டினாள், ஏறினாள், விழுந்தாள், மறுபடி ஏறினாள். ஒரு மாதத்தில் நேராக ஓட்ட வந்துவிட்டது. திருப்பத்தான் வரவில்லை. திருப்பம் வந்தால் இறங்கி, சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைத்து, மறுபடி ஏறுவாள். மலைச்சாலையில் அப்படி எத்தனை தடவை இறங்குவது? கடைசியில் அதுவும் வந்தது.

ஆசைக்கு வாங்கிய சைக்கிள் அல்ல. காவலூர் சாலையில் கூட்டுரோடு வரைதான் பஸ் போகும். அங்கிருந்து கீழ்வலசைக்கும், அதற்கு மேலே மேல்வலசைக்கும் நடைதான். போய்த் திரும்ப ஒரு நாள் ஓடிவிடும். ஒரு நாளில் ஓர் ஊரைத்தான் பார்க்க முடியும். சைக்கிள் இருந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

எண்பத்து மூன்றாம் வருடம் கார்த்திகை மழை விட்டதும் சாலையில் இறங்கினாள். கூட்டுரோட்டுக்கு முன் மூன்று மேடுகள் உண்டு: கல்லுக்கட்டு மேடு, நெல்லிமர மேடு, அதற்கப்புறம் பேரில்லாத ஒரு நீள ஏற்றம். முதல் நாள் கல்லுக்கட்டிலேயே மூச்சு முட்டிப் போய் இறங்கித் தள்ளினாள்.

தேறுகிறோமா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவளிடம் கருவி எதுவும் இல்லை. பஸ் இருந்தது. போளூரிலிருந்து வரும் காலை பஸ், ஜமுனாமரத்தூரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும். அதே நேரத்துக்கு அவளும் கிளம்புவாள். பஸ் தன்னை எந்த இடத்தில் தாண்டுகிறது என்பதுதான் அளவு. இடம் முன்னால் நகர்ந்தால் கால் தேறுகிறது என்று அர்த்தம்.

முதல் வாரத்தில் கல்லுக்கட்டுக்கு முன்பே பஸ் தாண்டியது. தாண்டும்போது ஆரன் அடித்ததில் பதறி, சைக்கிளோடு ஓடையில் சரிந்தாள். முழங்கை சிராய்த்தது. பஸ் நின்றது. டிரைவர் அமீர் வாணியம்பாடிக்காரர்; இறங்கி ஓடிவந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை நேராக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இடம் நகர ஆரம்பித்தது. மார்கழியில் கல்லுக்கட்டைத் தாண்டிய பிறகுதான் பஸ் வந்தது. தையில் நெல்லிமரம். மாசி பிறந்ததும் மூன்றாவது ஏற்றத்தின் பாதி. ஜன்னலில் தலைகள் நீண்டன. புளி குத்தகைக்காரர் லட்சுமணன் தினமும் ஏதாவது சொல்லாமல் போனதில்லை.

"இன்னா நர்ஸம்மா, எங்கள விட்டுட்டு எங்க ஓட்றீங்க?"

"நீங்கதான் மெதுவா வர்றீங்க," என்பாள் அவள், பெடலை விடாமல்.

பங்குனியில் கூட்டுரோட்டுக்கு அவளே முதலில் போய்ச் சேர்ந்தாள். பஸ் பின்னால் வந்து நின்றபோது பெண்கள் சிலர் கை தட்டினார்கள். அம்சவல்லி அதிகம் சிரிக்கிறவள் அல்ல. அன்று சிரித்தாள். விடுதியில் தங்கிப் படித்த மகளிடம், ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது, பஸ்ஸை முந்திவிட்டதாகச் சொன்னாள். மகள் நம்பினாள்.

மாதத்தில் ஒரு நாள் போலியோ சொட்டு மருந்து வரும். கீழேயுள்ள சுகாதார நிலையத்தில் பிளாஸ்கில் ஐஸ் போட்டு, மருந்தை உள்ளே வைத்து, கண்டக்டர் கோபால்சாமியிடம் கொடுத்தனுப்புவார்கள். ஐஸ் இருக்கும் வரைதான் மருந்துக்கு உயிர். அந்த நாளில் மட்டும் அவள் சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் கூட்டுரோடு போய், கீழ்வலசைக்கு நடந்துவிடுவாள். மேல்வலசைக் குழந்தைகளுக்கு ஐஸ் மிஞ்சியதே இல்லை.

பங்குனி மாதத்துக்கு வேறு திட்டம் வைத்திருந்தாள். பஸ்ஸை முந்தும் கால் வந்துவிட்டதே, சைக்கிளிலேயே போனால் ஐஸ் மிஞ்சும். மேல்வலசைப் பெண்களையும் அன்று கீழே இறங்கி வரச் சொல்லியிருந்தாள். மருந்து வந்த அன்று டீக்கடையில் பிளாஸ்கை வாங்கி ஹேண்டிலில் மாட்டினாள்.

அமீர் இறங்கி வந்தார். "சைக்கிள மேல ஏத்திடறேம்மா. இன்னிக்கு பஸ்ல வந்துடுங்க."

"ஏன் பாய், தோத்துடுவோம்னு பயமா?"

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. அமீர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை சொன்னார். வெயில் அதிகம் என்றார். அவர் சொன்னதை அவள் சீண்டலாக எடுத்துக்கொண்டு பெடலை மிதித்துவிட்டாள்.

அன்றும் கூட்டுரோட்டில் அவள்தான் முதலில் இருந்தாள். அங்கிருந்து நிற்காமல் கீழ்வலசை போனாள். புளிய மரத்தடியில் பெண்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள். பிளாஸ்கைத் திறந்தாள். உள்ளே தண்ணீர். மருந்துக் குப்பி அதில் மிதந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சி இல்லை.

போய்விட்டு அடுத்த மாதம் வரும்படி சொன்னாள். மேல்வலசையிலிருந்து பெண் குழந்தையை இடுப்பில் சுமந்து இறங்கி வந்திருந்த பாஞ்சாலை மட்டும் எழுந்திருக்கவில்லை.

"தண்ணியா இருந்தா இன்னா? மருந்து உள்ளதானே கீது?"

"அது செத்த மருந்து. போட்டாச்சுன்னு நீ நெனச்சிக்குவ. புள்ளைக்கு ஒண்ணுமே போட்டிருக்காது."

"புளி உலுக்குற நாளு. வேலைய வுட்டுட்டு எறங்கி வந்தேன்."

ஊற்றிவிட்டுப் போயிருக்கலாம். கெட்ட மருந்துக்கும் நல்ல மருந்துக்கும் பார்வையில் வித்தியாசம் கிடையாது. பாஞ்சாலையும் திருப்தியாகப் போயிருப்பாள். அம்சவல்லி பிளாஸ்கை மூடினாள்.

"இனிமே நான் வர்றதா இல்ல," என்று சொல்லிவிட்டு பாஞ்சாலை மலையேறினாள்.

மாலை கூட்டுரோட்டில் திரும்பும் பஸ்ஸை நிறுத்தி, ஐஸ் ஏன் குறைவாகப் போட்டார்கள் என்று கோபால்சாமியைக் கேட்டாள். கேட்ட தொனி நன்றாக இல்லை. எப்போதும் போடும் அளவுதான் என்றார் அவர். அப்படியானால் பிளாஸ்க் கெட்டிருக்கிறது, பஸ்ஸை விட வேகமாக வந்தும் எப்படிக் கரையும் என்றாள். கோபால்சாமி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் சாலையைப் பார்த்தார்.

"நீங்க முந்தலம்மா," என்றார் கோபால்சாமி. "நாங்கதான் தாண்டல."

மெல்ல மெல்ல வெளியே வந்தது. அவள் ஓடையில் விழுந்த அன்றிலிருந்து அமீர் மேட்டில் அவளை அவசரப்பட்டுத் தாண்டுவதில்லை. முடிந்தவரை தூரத்தில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வருவார். பிறகு, அவள் கிளம்பிப் போன பின்னும் டீக்கடையில் நிற்பது சற்று நீண்டது. புளி மூட்டை ஏற்றுகிற சாக்கில் ஒவ்வொரு மேட்டடியிலும் நின்றார்கள். அவசரம் என்று முணுமுணுத்தவர்களைப் பெண்கள் அடக்கினார்கள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைக் கெடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

"அன்னிக்கு ஆரன் அடிச்சது நான்தானேம்மா," என்றார் அமீர்.

அளக்கிற கோலுக்குத் துணிமேல் பாசம் இருக்கக் கூடாது. அம்சவல்லி கோபித்துக்கொள்ளவில்லை. சிறிது நேரம் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நாளைலேர்ந்து தாண்டுங்க, பாய்," என்றாள்.

மறுநாள் பஸ் கல்லுக்கட்டிலேயே தாண்டியது. ஆரன் இல்லை. ஜன்னலில் ஒரு தலையும் இல்லை. அவள் மேட்டின் உச்சி வரை மிதித்துப் போய், இறங்கி, மணிக்கட்டில் விரல் வைத்தாள். நாடித் துடிப்பு நூற்று அறுபது. அது அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நோயாளிகளுக்கு ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள்; தனக்குப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அதுவே அளவானது. அடங்கும் நேரம் குறைந்தால் தேறுகிறாள். குறையாவிட்டால் இல்லை. நாடிக்கு யாரும் சிபாரிசு செய்ய முடியாது.

அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து, ஆஸ்பத்திரியில் தலைமாட்டில் இருந்த இயந்திரம் காட்டிய எண்ணை அவள் பொருட்படுத்தவில்லை. இடது மணிக்கட்டில் தானே விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் விரல் நழுவியது. மீதியை மகள் எண்ணினாள். அதிகம் இருக்கவில்லை.

அந்தப் பங்குனி போய்ச் சித்திரையில் மருந்து வந்த அன்று, அமீர் வாய் திறக்கும் முன்பே சைக்கிளை மேலே ஏற்றச் சொன்னாள். பஸ் எங்கும் சும்மா நிற்கவில்லை. கூட்டுரோட்டில் சைக்கிளை இறக்கிக்கொண்டு கீழ்வலசைக்கு ஓட்டினாள். திறந்து பார்த்தபோது ஐஸ் பாதிக்கு மேல் இருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டாள். மேல்வலசையிலிருந்து யாரும் வரவில்லை.

ஈரத் துணியைப் பிளாஸ்கில் சுற்றி மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள். பாதி தூரம் மிதித்தாள், மீதி தள்ளினாள். இறங்கிய இடத்தில் நாடி பார்க்கவில்லை, நேரம் இல்லை. அந்த ஏற்றத்தில் அவளைத் தாண்ட எந்த வண்டியும் கிடையாது, அவளுக்காகக் காத்திருக்கவும் யாரும் கிடையாது.

பாஞ்சாலை வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவில்லை.

"இன்னிக்கும் தண்ணிதானா?"

அம்சவல்லியால் பேச முடியவில்லை. மூச்சு வாங்கியது. பிளாஸ்கைத் திறந்து அவள் முன்னால் நீட்டினாள். பாஞ்சாலை கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே விட்டுத் துழாவினாள். புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு அகப்பட்டது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"கீது," என்றாள்.

உலக்கையைச் சாத்திவிட்டு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்தாள். இரண்டு சொட்டு. குழந்தை சப்புக்கொட்டி விழுங்கியது. பாஞ்சாலை அந்த ஐஸ் துண்டைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தாள். அது கையை இறுக்கி மூடிக்கொண்டது. திறந்தபோது ஈரம் மட்டும் இருந்தது.

சொட்டு மருந்துக்கு அழாத பிள்ளை அதற்கு அழுதது.