தகரத்தில் காய்ந்த கடலை

அந்தப் பக்கத்தில் அவளுக்கு விதைக்காரி என்றுதான் பெயர். கடையில் வாங்கிய விதைக்கடலை அடுத்தடுத்து காலை வாரிவிட்ட பிறகு, தன் வயலில் நல்ல செடியாகப் பார்த்துத் தனியே பறித்து, நிழலில் காயவைத்து, விதைக்கென்றே கொடுக்க ஆரம்பித்தாள். துண்டு நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் இப்போது அவளைத்தான் நம்பியிருந்தார்கள். "யார் கொடுத்தாலும் சரி, ஒரு பிடியை ஈரத்துணியில சுருட்டி வச்சுப் பாருங்க. முளைச்சா விதைங்க" என்று வீடு வீடாக ஓதியவளும் அவள்தான்.

மழை பெய்துவிட்டது. விடிந்தால் எல்லோரும் விதைப்பார்கள். விதை போன வாரமே அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தச் சாயங்காலம் பார்த்துத்தான் புருஷன் வாயைத் திறந்தார்.

"நீ பொண்ணோட பிரசவத்துக்குப் போயிருந்தப்ப ஒரே மூடாப்பா இருந்துச்சு. வெயில் வந்ததும் கடைசிக் குவியலைத் தகரக் கூரை மேல பரப்பிட்டேன். ஒரே மத்தியானத்துல கலகலன்னு காஞ்சிடுச்சு. அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து மூட்டை கட்டினேன்."

சொல்லிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தார். கெட்டவர் இல்லை; வேலையைச் சீக்கிரம் முடிப்பதில் மட்டும் சூரர்.

கொதிக்கிற தகரத்தில் கிடந்த பருப்புக்கு உயிர் இருக்குமா? பார்த்தால் ஒன்றும் தெரியாது. கலந்த பிறகு எது செத்தது, எது பிழைத்தது என்று யார் பிரிப்பது? அவள் சோதித்துப் பார்த்ததோ ஊருக்குப் போகும் முன், நிழலில் காய்ந்ததை மட்டும்.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். முதல் வீட்டில் தையற்காரர் விதைப்பதற்காகக் கடலையை உடைத்தே முடித்திருந்தார்.

"அண்ணே, ஈரத்துணியில வச்சுப் பார்த்தீங்களா?"

"உன் விதைக்கா? நல்லாக் கேட்ட போ. கடைக்காரன் விதைக்குத்தான் அந்தப் பாடெல்லாம்."

பக்கத்து வீட்டு வண்டிக்காரர் மனைவியும் சிரித்துக்கொண்டே அதையேதான் சொன்னாள். இப்படி ஒரு நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்ததற்கு அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒருத்தராவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?

அப்போதுதான் ஓரகத்தி ஞாபகத்துக்கு வந்தாள். புருஷனின் அண்ணனான மூத்தாருடைய மனைவி. இவள் தண்ணீர் கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். மூத்தார்தான் வந்து விதை வாங்கிப்போனார். கௌரவம் பார்க்கிற நேரமா இது? போய் அந்த வாசலில் நின்றாள்.

ஓரகத்தி அவளைப் பார்த்ததும் உள்ளே போய் ஈரத்துணிச் சுருளை எடுத்துவந்து விரித்தாள். பாதிக்குமேல் முளைக்கவில்லை. தொட்டால் கொழகொழவென்று இருந்தது.

"அக்கா, ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே. பொறாமையில பேசறேன்னு சிரிச்சாங்க."

விதைக்காரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொல்லாவிட்டால் அத்தனை வயலும் பாதி முளைக்காமல் பொக்கு விழும். சொன்னால் அவள் பேர் போகும். எல்லோரும் மறுபடி அந்தக் கடைக்காரனிடமே போய் நிற்பார்கள்.

"இருக்கிற விதையைப் பாதி நிலத்துலயாவது குழிக்கு ரெண்டாப் போடச் சொல்லணும்" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "நீங்களும் வாங்கக்கா."

"நான் வந்து என்ன பிரயோசனம்? உன்னைத்தான் நம்புவாங்க." ஓரகத்தி துணியைச் சுருட்டி அவள் கையில் திணித்தாள்.

தையற்காரர் இன்னும் வாசலில்தான் இருந்தார்.

"அண்ணே, என் விதை செத்துப்போச்சு" என்றாள்.

அவர் சிரித்தார். அவள் துணியை விரித்தாள்.