ஐம்பத்தையாயிரத்து நானூற்று நாற்பது

கல்முனையில் காணிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் உறுதி தட்டச்சுச் செய்பவள் றிபா. மருதமுனையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். உறுதி அடிப்பது சம்பளத்துக்கு, எண்களைப் பிரித்துப் பார்ப்பது சந்தோசத்துக்கு. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இலக்கம் எதனால் பிரியும் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். எனக்கு அது பைத்தியம் போலத்தான் பட்டது. ஆனால் அவளால்தான் இன்றைக்கு நான் என் காக்காவோடு, மூத்த அண்ணனோடு, கதைக்கிறேன்.

எங்கள் உம்மாவின் வாப்பா நாவிதன்வெளியில் இரண்டு ஏக்கர் வயல் விட்டுப்போனார். எல்லா வாரிசுக்கும் முழு எண்ணாக வரட்டும் என்று அதை 5040 பங்காக எழுதியிருந்தார்கள். உம்மாவுக்கு 720. உம்மா மௌத்தானபோது வாப்பாவும் இல்லை. நாங்கள் நாலு ஆண், மூன்று பெண். மார்க்கச் சட்டப்படி ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்றால் பதினொரு கூறு. 720 பதினொன்றால் பிரியாது. பெண்களுக்கு 65, ஆண்களுக்கு 130 என்று போட்டதில் ஐந்து மிஞ்சியது. மூத்த காக்கா மீராசா, "நான்தானே வயலப் பாக்கிறன்" என்று அந்த ஐந்தையும் தன் பேரில் எழுதிக்கொண்டார். நான் கடைசித் தங்கச்சி, வாய்க்காரி வேறு. சண்டை பிடித்துக்கொண்டு ஆறு வருசம் அவர் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

இந்த வருசம் காக்காவுக்கு ஹஜ்ஜுப் பயணம் சரிவந்தது. போகுமுன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். என் வீட்டுக்கும் வந்தார்.

"அந்த அஞ்சையும் நீயே எடு தங்கச்சி. என்னப் பொறுத்துக்க."

"இரக்கப்பட்டு ஒண்டும் தர வேணாம். என்ட பங்கு எவ்வளவெண்டு சொல்லுங்க."

அந்தக் கணக்கு அவருக்கும் தெரியாது. முகம் வாடித் திரும்பினார். பயணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது.

மறுநாள் பங்கைச் சரிபார்த்து உறுதி எழுத இருவரும் றிபாவின் மேசைக்கு முன்னால், முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பங்குக் கணக்கு எழுதிய தாளைக் கண்டதும் அவளுக்கு ஒரே சந்தோசம்.

"5040 நல்ல எண் ராத்தா. ஒண்டிலருந்து பத்துவரைக்கும் எல்லாத்தாலயும் பிரியும். பதினொண்டாலதான் பிரியாது. உங்கள்ல ஒருத்தரிலயும் பிழயில்ல, எண்தான் சின்னன். ஒவ்வொரு பங்கையும் பதினொண்டா வெட்டுவம்."

55,440 என்று எழுதினாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எதனாலும் அது மிச்சமில்லாமல் பிரியுமாம். அப்படிப் பிரிக்கும் எண்கள் மொத்தம் நூற்றிருபது இருக்கிறதாம். உம்மாவுக்கு 7920. ஆண்களுக்கு 1440, பெண்களுக்கு 720. மிச்சம் ஒன்றுமில்லை.

"அப்ப எனக்கு எவ்வளவு குறஞ்சிருக்கு?"

"உங்கட 65 இப்ப 715. 720க்கு அஞ்சு குறையுது." கல்குலேட்டரைத் தட்டினாள். "நிலமாப் பாத்தா எட்டுச் சதுர அடிகூட இல்ல ராத்தா. ஒரு முசல்லா விரிக்கலாம், அவ்வளவுதான்."

ஒரு தொழுகை விரிப்பு அளவு நிலம். அதற்காக ஆறு நோன்புப் பெருநாள், ஆறு ஹஜ்ஜுப் பெருநாள் காக்காவின் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறேன். வெட்கம் தாங்காமல் அழுதுவிட்டேன். காக்காவும் கண்ணைத் துடைத்தார்.

"உறுதியில எல்லாருக்கும் சரியான பங்க அடி மகள்" என்றார் றிபாவிடம்.

"நான் பொறுத்துட்டன் காக்கா" என்றேன். "நீங்களும் என்னப் பொறுத்துக்கங்க. மக்கத்துல முசல்லா விரிக்கக்குள்ள எனக்கும் துஆக் கேளுங்க."

அவர் என் தலையில் கைவைத்தார்.

நாங்கள் எழும்பும்போது றிபா அடுத்த உறுதியைத் தட்டத் தொடங்கியிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு தொழுகையிலும் அவளுக்காகத் துஆக் கேட்கிறேன்.