மலைக்கு ஒரு நேரம்

எங்கள் சொந்தத்தில் ஓட்டு இருந்தது பெரியம்மா ஒருத்திக்குத்தான். வெள்ளைக்காரன் காலத்துத் தேர்தல் அது. இப்போதுபோல வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. பேரில் பட்டா இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மலைமேல் தேவனூர் நாடு என்கிற பகுதியில் எங்கள் சிற்றூரில் எழுத்துக்கூட்டக் கூட ஆள் கிடையாது. அப்பா உழுத காடு முழுக்கச் செத்துப்போன தாத்தா பேரிலேயே கிடந்தது. ஆக, எங்கள் வீட்டு ஓட்டைப் போட வேண்டிய ஆள் மண்ணுக்குள் இருந்தார்.

அப்பாவுக்கு அது பெரிய மனக்குறை. வாழைத்தார் சுமந்துகொண்டு அடிக்கடி மலையிறங்கிப் போய் வருகிறவர் அவர். கீழே டீக்கடையில் யார் என்ன பேசினாலும் மேலே வந்து எங்களுக்குச் சொல்லிவிடுவார். எந்தக் கட்சி ஜெயிக்கும், ஜெயித்தால் வரி குறையுமா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இவ்வளவும் தெரிந்த தனக்கு ஓட்டு இல்லை, எதுவும் கேட்டுக்கொள்ளாத பெரியம்மாவுக்கு இருக்கிறது என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பெரியம்மா என் அம்மாவுக்கு அக்கா. எங்களுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். பிள்ளை கிடையாது. பெரியப்பா காய்ச்சலில் போய்விட்டார். படுக்கையில் விழுவதற்கு முன்னால், உடம்பு நடுங்க நடுங்க மலையிறங்கிப் போய், தன் காட்டைப் பெரியம்மா பேருக்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் அவர் படுத்தார் என்று அம்மா சொல்வாள். இல்லாவிட்டால் அவருடைய தம்பிமார்கள் அவளை ஒரு முறம் சாமையோடு அனுப்பியிருப்பார்களாம்.

ஓட்டுக்குப் பேர் உள்ளவர்களைச் சொல்லிப்போக வரி வசூலிக்கிற தண்டல்காரர் ஒருவர் வந்தார். ஊர் நடுவில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். பெரியம்மா பேரையும் கூப்பிட்டார். எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயசு. பெரியம்மாவுக்கு அப்படி ஒரு பேர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஊரில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கொழுந்தன்மார்கள் சிரித்தார்கள். மாடு மிதித்து அவளுடைய வலது பாதம் அப்போது வீங்கிக் கிடந்தது. இந்தக் காலோடு சோளக்காட்டு ஊர் வரைக்கும் போய் என்னத்தைக் கிழிக்கப் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். பெரியம்மா அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

“பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. போகலைன்னா நல்லாருக்காது.”

கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததுபோலத்தான் அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

சோளக்காட்டில் ஓடு போட்ட ஒரு கட்டடத்தில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஓட்டுச் சாவடி. எந்நேரம் வரை நடக்கும் என்று தண்டல்காரர் சொன்னாரோ இல்லையோ, கேட்டுவைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் அப்பா இருக்கிறாரே. அவர் கீழே போய் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“பொழுது சாயற வரைக்கும் நடக்குதாமுங்க. வெயில் தாழப் போனாக் கூட்டமும் இருக்காது. காலை வெச்சுக்கிட்டு நீங்க அவசரப்பட வேண்டாம்.”

அதோடு எந்த நிறப் பெட்டியில் போட வேண்டும் என்பதையும் சொன்னார். தேர்தலில் நிற்கிற ஆளுக்கு ஒரு நிறத்தில் பெட்டி வைத்திருப்பார்கள் என்பதும் அவர் விசாரித்து வந்ததுதான். பெரியம்மா எல்லாவற்றுக்கும் சரியென்று தலையாட்டினாள். பெட்டி விஷயத்துக்குத் தலையாட்டினாளா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்த நாளும் வந்தது. பெரியம்மா மாட்டுக்குத் தீவனம் போட்டாள், களத்தில் கிடந்த கேழ்வரகைக் கூட்டி அள்ளினாள், தலைக்குக் குளித்தாள், பெட்டியில் இருந்த சிவப்புச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஒன்றிலும் அவசரமில்லை. துணைக்கு நான். உச்சி வெயிலில்தான் கிளம்பினோம். வீங்கின காலுக்குப் பச்சிலை வைத்துத் துணி சுற்றியிருந்தாள். நாலு எட்டு வைப்பாள், நிற்பாள். நான் முன்னால் ஓடிப்போய் நெல்லிக்காய் பொறுக்கிக்கொண்டு அவளுக்காகக் காத்திருப்பேன்.

எங்கள் ஊர்ப் பாதை ஓரிடத்தில் சோளக்காட்டுப் பாதையோடு சேரும். அங்கிருந்துதான் அடிவாரத்துக்கு இறங்கும் பாதையும் பிரிகிறது. அந்த இடத்தில் மிளகு பாய் எதிரே வந்தார். அடிவாரத்து ஊர்க்காரர். மட்டக்குதிரை ஒன்றை வைத்துக்கொண்டு மலையில் மிளகு வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்கிறவர். சோளக்காட்டில் வாங்கின மூட்டைகளைக் குதிரை மேல் கட்டிக்கொண்டு இறக்கத்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். நடை வேகமாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றார்.

“இந்நேரத்துக்கு எங்க தங்கச்சி, இந்தக் காலோட?”

“ஓட்டுப் போடப் போறனுங்க பாய்.”

அவர் மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

“ரெண்டு மணிக்குச் சாத்தறாங்களே. பெட்டியைத் தூக்கிக்கிட்டு வெளிச்சத்துலயே மலையிறங்கணும்னு ஆபீசர் சொல்லிட்டிருந்தாரு. உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

“பொழுது சாயற வரைக்கும்னாங்களே.”

“அது கீழ, எங்க ஊர்ல. மலைக்கு ஒரு நேரம், கீழ ஒரு நேரம் வெச்சிருக்காங்க.”

அப்பா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. என்ன, அது அடிவாரத்து ஊருக்கான நேரம்.

பெரியம்மா பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

“ஒரே ஓட்டுக்கு ரெண்டு நேரமுங்களா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அப்புறம் என் கையைப் பிடித்தாள். “சரி கண்ணு, ஊட்டுக்குப் போலாம்” என்றாள். கொழுந்தன்மார்களுக்கு என்ன சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்போல, குரல் இறங்கிவிட்டது.

பாய் இறக்கத்துப் பாதையை ஒரு முறை பார்த்தார். பிறகு குதிரை மேலிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி ஒரு பலா மரத்தடியில் வைத்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“ஏறு தங்கச்சி. நடந்து போனா முடியாது. இவ ஓடுவா.”

“வேண்டாமுங்க. மூட்டையை யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க. உங்களுக்கும் நேரமாகுது.”

“எனக்கு நேரமிருக்கு” என்றார் பாய்.

பெரியம்மாவுக்கு அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. எங்கள் மலையில் பெண்கள் யாரும் குதிரை மேல் ஏறி நான் பார்த்ததில்லை. “நான் என்ன சாமியா, குதிரையில போறதுக்கு?” என்றாள். பாய் சிரித்துவிட்டார். என்னைத் தூக்கி முதலில் உட்காரவைத்தார். நான் இறங்க மாட்டேன் என்று தெரிந்ததும், கல்லின் மேல் காலை வைத்து அவளும் ஏறி என் பின்னால் உட்கார்ந்தாள்.

பாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நல்ல பருமனான மனுசர். மேட்டில் அவருடைய மூச்சு எங்கள் காதில் விழுந்தது. பெரியம்மா வழி முழுக்க “மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கோ அந்த ஓட்டம் முடியவே கூடாது என்றிருந்தது.

கட்டடத்தின் முன்னால் கட்டியிருந்த கயிற்றைச் சேவகர் ஒருவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாய் தூரத்திலிருந்தே கையைத் தூக்கினார். சேவகர் உள்ளே திரும்பி ஏதோ கேட்டார். “வரச்சொல்லு” என்று குரல் வந்தது. பாய் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் மட்டும் பெரியம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை.

கோட்டுப் போட்ட ஆபீசர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கடிகாரம் அவர் முன்னால் கிடந்தது.

“பேர் என்னம்மா?”

பெரியம்மா சொன்னாள். தண்டல்காரர் கூப்பிட்ட அதே பேர்.

“இந்தப் பேர்ல இங்க ரெண்டு பேர் இருக்காங்க. புருசன் பேர் என்ன?”

பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. புருசன் பேரைச் சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அவர் பேரில் பாதி வருகிற மரத்தைக்கூடப் பெரியம்மா வேறு மாதிரிதான் சொல்வாள். ஆபீசர் மறுபடியும் கேட்டார். சேவகர், “சொல்லிரும்மா, சாத்தற நேரமாச்சு” என்றார். இவ்வளவு சின்னக் கேள்விக்கு எதற்கு இத்தனை பாடு என்று எனக்குப் பொறுக்கவில்லை. பெரியப்பா பேரை நானே சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

“நீயா ஓட்டுப் போடப் போறே?” என்றார் ஆபீசர். திட்டவில்லை. “ஓட்டுக்காரங்க வாயால சொல்லணும் பாப்பா.”

பெரியம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப்பக்கம் பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

“சொல்லு தங்கச்சி,” என்றார். “அவர் கோவிச்சுக்க மாட்டாரு.”

பெரியம்மா சொன்னாள். வாசலில் நிற்கிறவரை உள்ளே கூப்பிடுகிற மாதிரி, மெதுவாக, முழுப் பேரையும் சொன்னாள். செத்துப்போனவர் பேரைச் சொன்னால் இனி அவருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆபீசர் சீட்டைக் கொடுத்தார். மறைப்புக்குப் பின்னால் அவள் மட்டும் போனாள். பெட்டியில் சீட்டு விழுகிற சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவள் முகம் அழுத முகம்போலவும் இருந்தது, கோயிலுக்குப் போய் வந்த முகம்போலவும் இருந்தது.

வாசலில் சேவகர் பாயைப் பார்த்து, “ஏன் பாய், உங்க ஓட்டு கீழதானே? இன்னும் இறங்கலையா?” என்று கேட்டார்.

“இறங்கணும்” என்றார் பாய்.

பெரியம்மா அப்படியே நின்றுவிட்டாள். அவர் எங்களைத் திரும்பவும் குதிரையில் ஏறச் சொன்னார். அவள் கேட்கவே இல்லை. “நாங்க பைய வாரோம். நீங்க ஓடுங்க. சாமி புண்ணியமாப் போகும், ஓடுங்க” என்றாள். அவள் ஏன் அவரை அப்படி விரட்டுகிறாள் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. குதிரையும் போகப்போகிறதே. நான் பாய்க்குச் சமாதானம் சொன்னேன்.

“கீழ பொழுது சாயற வரைக்கும் இருக்குதுங்க. எங்கப்பா விசாரிச்சுட்டு வந்தாரு.”

பாய் என் தலையில் கை வைத்தார். “ஆமா கண்ணு. போயிருவேன்” என்றார். சொல்லிவிட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு போனார்.

நாங்கள் நொண்டி நொண்டி அந்தப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது பலா மரத்தடியில் மூட்டைகள் இல்லை. வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறியிருந்தது. இறக்கத்துப் பாதை நிழலாகக் கிடந்தது. பெரியம்மா பாதையின் விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். காலுக்கு ஓய்வு கொடுக்கிறாள் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றேன்.

வீட்டில் அப்பா நடந்ததைக் கேட்டார். கடைசி நேரத்தில் நேரத்தை மாற்றியிருப்பார்கள் என்றார். அப்புறம் எந்தப் பெட்டியில் போட்டாள் என்று கேட்டார். “போட்டுட்டனுங்க” என்றாள் பெரியம்மா. வேறு வேறு விதமாக அவர் எத்தனை முறை கேட்டும் கடைசி வரைக்கும் அந்த ஒரே பதில்தான்.

அதன் பிறகு வருசா வருசம் பெரியம்மா காட்டில் முதலில் பழுக்கிற பலாப்பழம் பாய் வீட்டுக்குப் போனது. கீழே போகிற யார் தலையிலாவது ஏற்றி அனுப்பிவிடுவாள். பாய் காலமான பிறகும் அவர் பிள்ளைகளுக்குப் போனது. குதிரையில் ஏற்றிக்கொண்டு போனதற்கு இத்தனை வருசமாகவா பழம் கொடுப்பார்கள் என்று எனக்கு ஆச்சரியம். ஒரு தரம் கேட்டும் இருக்கிறேன். “அந்த மனுசனுக்கு என்ன குடுத்தாலும் தகும்” என்றாள்.

என்னைக் கட்டிக்கொடுத்தது அடிவாரத்தில். அந்த இறக்கத்தில் நானே எத்தனையோ முறை சுமையோடு போயிருக்கிறேன். சுமை ஏற்றின குதிரையை அந்த இறக்கத்தில் விரட்ட முடியாது. கல் புரண்டால் காலை ஒடித்துக்கொள்ளும். சோளக்காட்டிலிருந்து பிரிவுக்குத் திரும்பி வந்து, மூட்டைகளை ஒற்றை ஆளாக ஏற்றிக் கட்டி, அத்தனை இறக்கமும் இறங்கி, அதற்கப்புறம் சமவெளியில் ஊர் வரைக்கும் நடக்க வேண்டும். மாசி மாதத்தில் பொழுது அவ்வளவு நேரம் யாருக்காகவும் நிற்காது.

பாய் போய்ச் சேர்ந்து தன் ஓட்டையும் போட்டிருப்பார் என்றுதான் நான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஒரு நாளும் அப்படி நினைக்கவில்லை.