பருத்தி ஊரில் பாலியஸ்டர் உடுப்பு

நூல் மில்லில் வேலை பார்த்தபோது என் நெஞ்சுக்குள் எப்போதும் ஒரு விசில் சத்தம். எல்லாம் பஞ்சுத் தூசி. மாடிப்படி ஏறினால் என் வீட்டுக்காரர் மேலிருந்தே, "குக்கர் வந்துட்டு" என்பார். கேலிதான், ஆனால் மனிதர் முகத்தில் சிரிப்பு இருக்காது. டாக்டர் மில்லை விடச் சொல்லிவிட்டார். ராஜபாளையத்தில் ஆபரேஷன் கட்டுத்துணி செய்யும் கம்பெனியில் கிளீன் ரூம் திறக்கிறார்கள் என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து ஓடினேன். தூசியே இல்லாத அறை! எனக்கென்றே கட்டினார்களோ என்று நினைத்தேன்.

வேலை கிடைத்தது. ஆனால் அறை தூசிச் சோதனையில் தேறினால்தான் அது நிலைக்கும். இல்லையென்றால் பழையபடி மில்தான். காலி அறை தேறிவிட்டது. நாங்கள் நாலு பெண்கள் உள்ளே போனோம், தூசி எண்ணும் மெஷின் கத்த ஆரம்பித்தது. சோதிக்க வந்த பெண் எங்களை வெளியே அழைத்து, என் சட்டைக் கையை ஜன்னல் வெயிலில் பிடித்து உதறினாள். பொசபொசவென்று பஞ்சு பறந்தது.

எனக்கு வந்ததே கோபம்! அது முதலாளி ஆசையாகத் தைத்துக் கொடுத்த பருத்தி உடுப்பு. "பஞ்சு ஊர்ல உக்காந்துக்கிட்டு பாலியஸ்டர் வாங்குனா நாலு பேரு சிரிக்க மாட்டானா?" என்று சொல்லியிருந்தார். அதற்குக் கஞ்சி வேறு போட்டு, மொடமொடவென்று தேய்த்து வைத்திருந்தார்கள்.

"மொதலாளி, இந்தத் தூசிக்குப் பயந்துதான் மில்ல விட்டு வந்தேன். அதையே தச்சு எனக்கு மாட்டி விட்டிருக்கீங்களே!" என்று அங்கேயே நின்ற அவரிடம் கத்திவிட்டேன். கத்திய வேகத்தில் இருமல் பிடித்து, அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "மொதல்ல தண்ணி குடிம்மா. பொறவு என்ன துணின்னு சோதிக்க வந்த பிள்ளகிட்டயே கேப்போம்," என்றார்.

நார் உதிராத, நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் உடுப்பு வந்தது. ஆளுக்கு ஆள் அளவு பார்த்து எடுத்தோம். தொளதொளவென்றிருந்தால் தரையைக் கூட்டும், இறுக்கமென்றால் குனியும்போது தையல் விட்டுவிடும். முகமூடியும் தலைமூடியும் போட்ட பிறகுதான் உடுப்பு. அதைத் தரையில் படாமல் சுருட்டிப் பிடித்துக் கால் நுழைக்க வேண்டும். கடைசியில் கையுறை, சட்டைக் கையின் ஓரத்தை மூடினாற்போல. வீட்டில் துவைக்கக் கூடாது, அதற்கென்று தனி லாண்டரி. பவுடர் கூடாது, பூவும் கூடாது. "ஆண்டாள் ஊர்க்காரியப் பூ இல்லாம வரச் சொல்லுதாகளே!" என்று என் பக்கத்து மேஜைக்காரி அழாத குறை.

மறுசோதனை அன்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இதோ இருமப் போகிறேன், எல்லாம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இருமல் வரவில்லை. மெஷினும் வாயைத் திறக்கவில்லை. முகமூடிக்குள் அழுதேன், துடைக்கக்கூட முடியாது.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், மடவார் வளாகம் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனேன். நான் மாடியேறிக் கதவருகே நிற்பதைத் திடீரென்று பார்த்து வீட்டுக்காரர் திடுக்கிட்டார்.

"ஏட்டி, எப்ப வந்த? குக்கர் சத்தமே கேக்கலையே!"

கேட்டவர் கண் கலங்கிவிட்டது.