சினை பார்க்கும் உத்தியோகம்

மீனின் வயிற்றைக் கிழித்துச் சினையை நிறுத்துப் பார்ப்பது என் உத்தியோகம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா "ஆராய்ச்சி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பவானிசாகர் அணையில் சேல்கெண்டை அருகிவிட்டது. சினை எந்த மாதம் கனக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னால், அந்த மாதம் வலைக்குத் தடை வரும், மீன் பிழைக்கும். வெயிலில் அலைந்து அறிக்கை எழுதும் சக பாவிகளே, அப்படித்தான் நானும் நம்பினேன்.

மஞ்சள் தடவிய மீன்

அணைக்கரையில் மீன் ஏலம் எடுக்கும் பஷீர் பாய்க்கு என்மேல் தனி மரியாதை. வாராவாரம் பெரிய பெண் மீனாக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். முதல் வாரம் பை கனமாகவே வந்தது. ஆய்வகத்தில் பிரித்தால், செதில் உரசி, குடல் எடுத்து, துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவியிருந்தது. நிறுக்க வேண்டிய சினை மட்டும் இல்லை.

போனில் எரிந்து விழுந்தேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "படிச்ச புள்ள, கை நாறக்கூடாதுன்னு நானே உக்காந்து சுத்தம் பண்ணினேனுங்க அம்மணி. சினைய ஊட்ல கொழந்தைக பொரிச்சுத் தின்னுபோட்டாங்க."

கத்தியோடு ஓர் உபதேசம்

பரிசல்காரர் பழனிச்சாமியிடம், சினை மீனைப் பிடித்தால் ஒரு வம்சமே போய்விடும் என்று உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பேசும்போதே அவர் கொண்டுவந்த மீனை அறுத்துக்கொண்டும் இருந்தேன். என் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர் பணிவாகக் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, நாங்க அறுத்தா பாவம், நீங்க அறுத்தா ஆராய்ச்சிங்களா?"

சத்தியமங்கலத்து விருந்து

ஒரு வருடம் அறுத்ததில், புது வெள்ளம் வரும் ஆடியில்தான் முட்டையிடுகிறது என்று தெளிவாயிற்று. ஆனிக் கடைசியில் சத்தியமங்கலத்தில் மீன்வளத் துறைக் கூட்டம். படம் போட்டு விளக்கினேன். அதிகாரி தலையாட்டினார்; ஆடி முழுக்கத் தடை என்றே பேச்சு முடிந்தது. அப்போது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

பிறகு சாப்பாடு. இலையில் சேல்கெண்டைச் சினை வறுவல். நான் அதை இலையோரம் ஒதுக்கினேன். அதிகாரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். விரலை நக்கிக்கொண்டே என்னைப் பாராட்டினார்: "நீங்க சொன்னது சரிதானுங்க அம்மணி, சினை நல்லா முத்தியிருக்குது. ஆடியில நமக்கு விருந்தாளிக வருவாங்க, தடைய ஆவணியில இருந்து வெச்சுக்கலாமுங்க."

ஆக, என் ஒரு வருட உழைப்பால் சேல்கெண்டைக்கு ஆவணியில் பூரண பாதுகாப்பு கிடைத்திருக்கிறது, ஆடியைத் தாண்டி ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால்.