போனவர்கள் போய்ச் சேரும் வரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். மலைமேல் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவள் நான். ஊரார் வீட்டைக் கூட்டிப் பிழைத்த கதையில் என்ன இருக்கிறது என்ற வெட்கமும் இருந்தது. முருகன் மேல் பாரத்தைப் போட்டு இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் என் கணவர் தவறிப்போனார். எனக்கோ பனி பட்டால் இளைப்பு. கொழுந்துக் கூடையோடு மேடு ஏற முடியவில்லை. வேலைக்குப் போகாதவளுக்குத் தோட்டத்து லயத்தில் வீடு கிடையாது. அதே மலையில் ரிங்லெட் ஊரில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் சின்ன அறை எடுத்தேன். பிள்ளை இல்லை. கம்போங் ராஜா என்ற ஊரில் தம்பி வீடு இருந்தது. அங்கே போனால் சோறு உண்டு. தம்பி மனைவியின் அடுப்படி மூலையும் உண்டு. அதற்குப் போகக்கூடாது என்று வைராக்கியம்.

அப்போதுதான் கீழே ஈப்போ நகரத்தில் இருந்த சீன அம்மா ஒருவரின் பங்களாச் சாவி கைக்கு வந்தது. லீவுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் பங்களா. ஒரு கூட்டம் போனதும் அடுத்த கூட்டம் வருவதற்குள் சுத்தம் செய்யவேண்டும். முதல் சாவி அது. சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்துப் போனேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே கை ஓடவில்லை. பயணம் புறப்பட்டவர்கள் போய்ச் சேரும் முன் வீட்டைக் கூட்டக்கூடாது, கழுவக்கூடாது. எங்களில் பிணம் எடுத்த வீட்டில்தான் உடனே கூட்டிக் கழுவுவார்கள். என் கணவரைத் தூக்கிக்கொண்டு போனதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் துடைப்பம் எடுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கிளம்பிப் போன பிள்ளைகளின் தலை அழுத்திய குழி தலையணையில் அப்படியே இருக்க, நான் எப்படித் துடைப்பத்தை எடுப்பேன்?

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கார் வளைவு வளைவாக இறங்கும் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. அப்புறம் பனி மட்டும்தான்.

பங்களாத் தோட்டக்கார அண்ணன் செடி வெட்டிக்கொண்டே பார்த்தார்.

"என்னா தங்கச்சி, தொடப்பம் கடிக்குதா?"

"அவங்க இன்னும் மலை எறங்கித் தாப்பாகூடப் போய்ச் சேந்திருக்க மாட்டாங்கண்ணே."

"யாரு, ஒன் மாமியாரா போறாங்க? சொந்தமா காடி ஓட்டுற ஆளுங்க லா! நீ ஒக்காந்து காவல் காத்தாதான் போய்ச் சேருவாங்களா?"

சிரித்தேன். எழுந்திருக்கவில்லை. என்னிடம் யாரும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிப் போய் வெகு நாளாகியிருந்தது. போனவர்களும் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஆனாலும் அவர்களுக்காக உட்கார்ந்திருப்பது மனசுக்கு ஒருவிதமாக இருந்தது.

அவர்கள் வீடு சேர்ந்திருப்பார்கள் என்று தோன்றிய பிறகே எழுந்து வேலையை முடித்தேன். இரண்டு மூன்று வாரம் இப்படியே ஓடியது. ஒரு நாள் அந்த அம்மாவே அடுத்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் வந்துவிட்டார். படுக்கை கலைந்து கிடக்கிறது, தொட்டியில் எச்சில் தட்டு, நான் படியில்.

அவர் சின்ன வயதில் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர். தமிழ் அரைகுறையாக வரும்.

"ஏன் கூட்டலே? ஆளு வந்தாச்சி லா!"

"போனவங்க நல்லபடியா வீடு போய்ச் சேரணும்மா. அதுக்குள்ள கூட்டக்கூடாது."

"போனவங்க ஒனக்கு யாரு?"

யாருமில்லை என்பதுதானே உண்மை. அவர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

அந்த வாரம் முழுக்க அறைக்குள்ளேயே கிடந்தேன். மழை விடவில்லை. தம்பி வீட்டுக்குத் துணி கட்டினேன், அவிழ்த்தேன். முருகா, உன் முறையைக் காப்பாற்றத்தானே சாவியை விட்டேன் என்று கோபித்துக்கொண்டேன். அழுது ஓய்ந்தபின் பாத்திரம் கழுவும்போதுதான் புத்தியில் பட்டது. தடை துடைப்பத்துக்கும் தரைக்கும்தானே? தட்டுக்கு இல்லையே, படுக்கை விரிப்புக்கு இல்லையே!

அடுத்த முறை அந்த அம்மா மேலே வந்தபோது வாசலில் போய் நின்றேன்.

"விரிப்பு, பாத்திரம், கண்ணாடி, அடுப்பு, எல்லாம் ஒடனே செஞ்சிடுவேம்மா. தரையும் தொடப்பமும் மட்டும் கடைசி. ஆளு வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்."

அவர் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "லேட்டானா சாவி திரும்ப வாங்கிடுவேன்."

"சரிம்மா."

விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டு, கண்ணாடி துடைத்து முடிப்பதற்குள் அவர்கள் தாப்பா தாண்டி வீடு சேர்ந்திருப்பார்கள். லேட்டானதே இல்லை. மெல்ல மெல்லப் பக்கத்துப் பங்களாக்களின் சாவியும் வந்தது. எண்பதுகளில் துணைக்கு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டேன். "இந்த அக்காவுக்குத் தொடப்பம்னா பயம்" என்று கேலி செய்வார்கள். ஆனால் அந்த வரிசையை மாற்றமாட்டார்கள். வேலை முடிந்து அவர்கள் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். நான் அறைக்கு வந்து விளக்கேற்றி, அன்று கீழே இறங்கிய முகம் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம் கண்ணை மூடுவேன். தம்பி வீட்டுக்குப் பொங்கலுக்கு மட்டும் போய்வந்தேன்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்வதென்றால் உள்ளபடியே சொல்லுங்கள். அந்த அம்மா மனம் உருகினார் என்றோ, சாமி கனவில் வந்தது என்றோ சேர்க்கவேண்டாம். அவர் சாவியைத்தான் கொடுத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.